பாடி பழசா இருக்கலாம், லென்ஸ்?

கேள்வி: எனக்கு 24 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். விடிகாலையில் காசிமேட்டில் படகுகள் கரை திரும்புவதைப் படம் எடுக்க ஆசை. இதுவரை மொபைலில்தான் எடுத்திருக்கிறேன். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. வியாசர்பாடியில் ஒருவர் நிக்கான் டி5600 கேமராவை 18-55, 70-300 என இரண்டு லென்ஸோடு 27,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். ‘அடுத்தவன் அடித்து ஓய்ந்ததை ஏன் வாங்குகிறாய், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதுசா வாங்கு’ என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?

பதில்: அப்பா சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

பாடி, அதாவது லென்ஸைக் கழற்றினால் மிஞ்சும் கேமரா, பழசாக இருப்பதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. டி5600 வந்தது 2016-இல், 24 மெகாபிக்சல். கற்றுக்கொள்ள அது தாராளம். கம்பெனிகள் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டதால்தான், கண்ணாடி வைத்த இந்த மாதிரி டிஎஸ்எல்ஆர்கள் மலிவாகக் கைமாறுகின்றன. அதோடு, ஒரு பாடி எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதை எண்ணாகவே பார்த்துவிடலாம். உங்கள் கண் முன்னால் ஒரு படம் எடுத்து, ஃபைலை கார்டிலிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் தகவல் போய்விடும். ஷட்டர் கவுண்ட், அதாவது படம் எடுக்கத் திறந்து மூடும் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று பார்க்கும் இணையதளம் ஒன்றில் அதை ஏற்றினால் கணக்கு வந்துவிடும். இந்த மாடலின் ஷட்டரை நிக்கான் 1,00,000 முறைக்குச் சோதித்திருக்கிறது. 20,000, 30,000 என்றால் பயமே வேண்டாம். 80,000 தாண்டியிருந்தால் கல்யாண வீடுகளில் உழைத்த கேமராவாக இருக்கலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

லென்ஸ் அப்படியில்லை, அதற்கு மீட்டர் கிடையாது. நம் பக்கத்தில் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதே கடல் காற்றின் ஈரத்தில்தான் லென்ஸுக்குள் ஃபங்கஸ் என்கிற பூஞ்சை பிடிக்கிறது. பையோடு பீரோவில் மாதக்கணக்கில் பூட்டி வைத்திருந்தால் இன்னும் மோசம். கண்ணாடியின் மேல்பூச்சை அது அரித்துவிட்டால், கழற்றிச் சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு கடையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே பளிச்சென்று இருந்த பழைய 50 எம்எம் லென்ஸை வாங்கி வந்தேன். ராத்திரி மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி இழைகள். சுத்தம் செய்யக் கேட்ட கூலி லென்ஸ் விலையில் பாதிக்கு மேல். ‘பார்த்துத்தானே சார் வாங்கினீங்க’ என்றார் கடைக்காரர். பார்த்தேன்தான், தப்பான வெளிச்சத்தில்.

அதனால் லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றி, இருட்டான இடத்தில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று தூசி பரவாயில்லை. நூல் மாதிரி, கிளை மாதிரி ஏதாவது தெரிந்தாலோ, பால் படிந்ததுபோல் மங்கலாக இருந்தாலோ வேண்டாம்.

70-300-இல் இன்னொரு வில்லங்கம் உண்டு. டி5600 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை; லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் ஃபோகஸ் தானாக நடக்கும். லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் ஏஎஃப் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். அதுவாக இருந்தால், அல்லது ஃபங்கஸ் தெரிந்தால், பாடியும் 18-55-ம் மட்டும் போதும் என்று சொல்லி விலை பேசுங்கள். மிச்சத்தை ஒரு புது 35 எம்எம் எஃப்1.8 ஏஎஃப்-எஸ் லென்ஸுக்குச் சேர்த்து வையுங்கள். 18-55-ஐ அதே 35 எம்எம்-இல் வைத்தால் உள்ளே விடுவதைப்போல் நாலு மடங்குக்கு மேல் வெளிச்சத்தை அது விடும்; சூரியன் வருவதற்கு முன்னால் படகு எடுக்கிறவருக்கு அதுதான் வேண்டும். அப்பா சொன்ன ‘புதுசு’ இங்கேதான் சரி.

பில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் பில்லோடு வாங்கிய பொருளில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. தன் சொந்தக் கேமராவை விற்கும் தனி ஆள் மேல் அங்கே போய் நிற்பது கஷ்டம். ஆகவே பழைய பில்லைக் கேளுங்கள். பாடியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணும் பில்லில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பில்லே இல்லை, டப்பாவும் இல்லை என்றால் அது யாருடைய கேமரா என்ற சந்தேகம் வர வேண்டும்.

வாங்கிய பிறகு கேமராவைப் பையில் வைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வையுங்கள், நிறம் மாறினால் பாக்கெட்டை மாற்றுங்கள்.

வியாசர்பாடிக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். டார்ச்சை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.