33550336: குணமும் தற்செயலும்

அன்புள்ள ஐயா,

33550336 என்ற எண்ணைப் பற்றித் தேடப் போனால் நிறைவெண் (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்), முக்கோண எண், அறுகோண எண் என்று பட்டங்கள் நீள்கின்றன. இலக்கங்களைக் கூட்டினால் வரும் 28-ம் ஒரு நிறைவெண்! இதில் எது எண்ணின் சொந்த குணம், எது தற்செயல்?

ம.

அன்புள்ள ம.,

பட்டங்கள் பல, வேர் ஒன்றுதான். இந்த எண் 4096 × 8191. முன்னது 2-இன் 12ஆம் அடுக்கு. பின்னது 2-இன் 13ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, அதுவும் பகா எண்.

தன்னை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டிப் பாருங்கள். 1, 2, 4 என்று 4096 வரை கூட்டினால் சரியாக 8191. மிச்சமிருப்பவை 8191-ஐ 1, 2, 4 என 2048 வரை பெருக்கி வருபவை. மொத்தம் 8191-இன் 4095 மடங்கு. முதலில் கிடைத்த ஒரு மடங்கையும் சேர்த்தால் 4096 மடங்கு. புறப்பட்ட எண்ணே திரும்ப வந்துவிட்டது! நிறைவெண் என்பது இதுதான். யூக்ளிட் காட்டிய வழி.

1 முதல் 8191 வரை கூட்டினாலும் இதே எண் வரும், அதனால் முக்கோண எண். 1 முதல் ஓர் ஒற்றைப்படை எண் வரை கூட்டி வரும் எண் அறுகோண எண்ணாகவும் இருக்கும்; 8191 ஒற்றைப்படை என்பதால் அந்தப் பட்டமும் இலவசம். ஒரே ஆளை ஒருத்தர் சித்தப்பா என்றும் இன்னொருத்தர் மாமா என்றும் கூப்பிடுகிற மாதிரி.

28 சங்கதி வேறு. 6 நீங்கலாக இரட்டைப்படை நிறைவெண் எதையும் 9-ஆல் வகுத்தால் மீதி 1. இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் வகுத்தாலும் அதே மீதிதான் வரும். ஆகவே இலக்கக் கூட்டுத்தொகை 1, 10, 19, 28, 37 என்ற வரிசையில்தான் விழும். அதில் 28-இல் போய் நின்றது தற்செயல். இரும முறையில் எழுதினால் 13 ஒன்றுகள், அப்புறம் 12 சுழியங்கள், கூட்டினால் 13. உங்கள் 28 காணாமல் போய்விடும். வேரோ அங்கே பளிச்சென்று தெரியும்.

எனக்கு இந்த எண்ணைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. 6, 28, 496, 8128 ஆகிய நான்கைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு இலக்க அளவுக்கும் ஒரு நிறைவெண் உண்டு, கடைசி இலக்கம் 6, 8 என்று மாறி மாறி வரும் என்று பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் நிக்கோமேக்கஸ் சொல்லிவிட்டார். பல நூற்றாண்டுகள் அது அப்படியே ஓடியது. ஐந்தாவதோ ஐந்து இலக்கத்தில் வராமல் எட்டு இலக்கத்தில் வந்து நின்றது. ஆறாவது 8589869056, மறுபடியும் 6-இல் முடிந்து இரண்டாவது நம்பிக்கையையும் கவிழ்த்தது.

ஏன் இவ்வளவு பெரிய தாவல்? முதல் நான்கும் இதே வழியில் 2, 3, 5, 7 ஆகிய அடுக்குகளிலிருந்து வந்தவை. அடுத்த பகா எண்ணான 11 ஏமாற்றிவிட்டது: 2-இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைவான 2047 பகா எண் அல்ல, அது 23 × 89. சரி, 8191 மட்டும் உடையாது என்று எப்படித் தெரியும்? அதற்குப் பகா வகுத்தி இருந்தால் அது 26-இன் (13-இன் இரு மடங்கு) மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும், 90-ஐத் தாண்டாத ஒன்றாவது இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 53, 79 இரண்டே. 53-ஆல் வகுத்தால் மீதி 29. 79-ஆல் வகுத்தால் 54. அவ்வளவுதான் வேலை.