வெப்ப நாடுதானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

கேள்வி: டிசம்பர் கடைசியில் அம்மா, மனைவி, மகனுடன் பத்து நாள் வியட்நாம் போகிறோம். வெப்ப நாடு என்பதால் பருத்தி உடைகள் மட்டும் போதும்தானே? வேறு என்னென்ன தயார் செய்ய வேண்டும்? அம்மா சைவம்.

போதாது. இதே நினைப்பில் போய், ஹனோயில் இறங்கிய முதல் நாள் மாலையே அம்மாவுக்கு ஸ்வெட்டர் தேடி அலைந்தவன் நான். அன்று பதினைந்து டிகிரிதான் இருக்கும், கூடவே தூறல். விடுதிப் போர்வையைப் புடவைமேல் சுற்றிக்கொண்டு, "வெயில் ஊர் என்று சொல்லித்தானே கூட்டிவந்தாய்?" என்று அம்மா கேட்டார். பழைய நகரத்துக் கடையொன்றில் ஒரு பெண், தன் கையாலேயே அம்மாவின் தோளை அளந்து பார்த்து, பழுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அம்மா தமிழில் விலை கேட்டார், அவள் தன் மொழியில் பதில் சொன்னாள், இரண்டு நிமிடத்தில் பேரம் படிந்துவிட்டது. மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் வேடிக்கை பார்த்ததோடு சரி.

எனவே பெட்டி கட்டுவதற்கு முன், எந்தப் பகுதிக்குப் போகப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். வடக்கில் ஹனோயிலிருந்து தெற்கில் ஹோ சி மின் நகருக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். டிசம்பர், ஜனவரியில் ஹனோய் குளிரும். மலையூரான சாப்பாவில் சில நாள் உறைபனியே விழும். அதே வாரத்தில் ஹோ சி மின் நகரில் வெயில் முப்பதைத் தாண்டி நிற்கும்.

நடுவில் இருக்கும் டா நாங், ஹோய் ஆன் பகுதியின் கதை வேறு. அதைப் புரிந்துகொள்ள நம் ஊரை நினைத்துக்கொண்டால் போதும். நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை எப்படியோ, அவர்களுக்கு மேற்கே அன்னமைட் மலைத்தொடர் அப்படி. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஹனோயும் ஹோ சி மின் நகரும் நனையும். டா நாங் காயும். வடகிழக்குப் பருவக்காற்று திரும்பியதும் அங்கே கொட்டத் தொடங்கும். சென்னையில் குடை விற்கும் அக்டோபர், நவம்பரில்தான் ஹோய் ஆனிலும் தெருவில் படகு ஓடும். 2025 அக்டோபர் கடைசியில் அந்தப் பழைய நகரமே வெள்ளத்தில் நின்றது. டிசம்பர் கடைசியில் அவ்வளவு மோசமில்லை என்றாலும் தூறலும் மேகமும் விட்டபாடில்லை. கடலில் குளிக்கலாம் என்று மகனிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பத்து நாளில் மூன்று பகுதிகளையும் பார்த்துவிட வேண்டும் என்று நாங்கள் ஓடினோம். அதில் இரண்டு நாள் விமான நிலையங்களிலேயே போய்விட்டது. வயதானவர் கூட வரும்போது இரண்டு பகுதி போதும். என்னைக் கேட்டால் ஹோய் ஆனில் நான்கு நாள், ஹோ சி மின் நகரில் நான்கு நாள் என்று வைத்துக்கொள்வேன். ஹனோயை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடலாம்.

விசாவை இணையத்திலேயே வாங்கலாம். ஒருமுறை நுழைவதற்கு 25 டாலர்; 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் கட்டணம் வாங்கும் தளங்கள் நிறைய உண்டு, கவனம். நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது: குடும்பப் பெயர் என்ற கட்டம். அம்மாவின் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. தாத்தாவின் பெயரும் சேர்ந்து ஒரே பெயராகத்தான் இருக்கிறது. நான் புத்திசாலித்தனமாகத் தாத்தாவின் பெயரைப் பிரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டேன். விசா வந்த பிறகுதான் பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்பது கண்ணில் பட்டது. கட்டிய பணம் திரும்ப வராது. மறுபடி 25 டாலர் கட்டி விண்ணப்பித்தேன். பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். மூன்று வாரம் முன்பாகவே விண்ணப்பித்துவிட்டால் இப்படித் தவறு நேர்ந்தாலும் சமாளிக்கலாம். விசாவைத் தாளில் அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கையாள்வதை வீட்டிலேயே பழகிக்கொண்டு போவது நல்லது. அவர்கள் நாணயம் டாங். ஆயிரம் டாங் என்பது ஏறத்தாழ மூன்றேகால், மூன்றரை ரூபாய். உணவகப் பட்டியலில் 50 என்று போட்டிருந்தால் அது ஐம்பதாயிரம். மூன்று சுழியங்களை விட்டுவிட்டே எழுதுவார்கள். முக்கியமான சிக்கல், 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலச் சாயல், இரண்டிலும் ஹோ சி மின் முகம். ஹோய் ஆன் ஆற்றங்கரையில் இளநீர் வாங்கிவிட்டு நான் ஒரு நோட்டை நீட்டினேன். அந்த அம்மாள் வாங்கவில்லை. தன் இடுப்புப் பையிலிருந்து ஓர் இருபதாயிரம் நோட்டை எடுத்து என் நோட்டின் பக்கத்தில் வைத்து, சுழியங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நான் நீட்டியது ஐந்து லட்சம். எழுபது ரூபாய் இளநீருக்கு ஆயிரத்து எழுநூறு ரூபாய். எல்லாரும் அவரைப் போல இருந்துவிட மாட்டார்கள் என்பதால் அன்றிரவே ஐந்து லட்சம் நோட்டுகளைத் தனிப் பையில் பிரித்து வைத்தேன். டாலரைக் கசங்காத, கறையில்லாத தாள்களாகக் கொண்டுபோங்கள். மடிப்பு விழுந்த நோட்டென்றால் மாற்றுமிடத்தில் முகம் சுளிக்கிறார்கள்.

சைவச் சாப்பாட்டைப் பற்றி ஊரில் எல்லாரும் எங்களைப் பயமுறுத்தினார்கள். பாதி உண்மைதான். காய்கறி மட்டும் போட்ட நூடுல்ஸ் என்று தருவதிலும் நுவோக் மாம் என்ற மீன் சாறு இருக்கும். அங்கே அது நம் உப்பைப் போல. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது. "ஆன் சாய்" என்று சொல்ல வேண்டும். சாய் என்பது பௌத்தர்களின் சைவ உணவு. மீன் சாறும் கிடையாது, பல இடங்களில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. அந்தச் சொல் அவர்கள் எழுத்தில் எப்படி இருக்கும் என்று கைப்பேசியில் படமாக வைத்துக்கொண்டால் கடைப்பலகைகளில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் மட்டுமே உண்பார்கள். அன்று சாதாரணக் கடைகளிலும் சாய் கிடைக்கும். முதல் நாள், பதினைந்தாம் நாள் என்றால் அமாவாசையும் பௌர்ணமியும்தான். இதைக் கேட்டதும் அம்மாவுக்கு அந்த ஊரே சொந்த ஊராகிவிட்டது. காளான் போட்ட சூப்பை முதலில் முகர்ந்து பார்த்தார், பிறகு என் மகனின் கிண்ணத்தையும் சேர்த்துக் காலி செய்தார்.

அம்மாவை மீ சனுக்கு அழைத்துப் போக மறக்க வேண்டாம். ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், காட்டு மலைகளுக்கு நடுவே, அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் இன மன்னர்கள் கட்டிய செங்கல் கோயில்கள், பெரும்பாலும் சிவனுக்கு. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் சிதைந்தது. நம் தொல்லியல் துறை சீரமைப்பு வேலை செய்தபோது, 2020-இல் ஒரே மணற்கல்லில் செய்த சிவலிங்கம் கிடைத்தது. காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள்; கூட்டமும் புழுக்கமும் அதற்குப் பிறகுதான். ஹோ சி மின் நகரில் மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. ஊதுபத்தியோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் உள்ளூர்க்காரர்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். கொசு விரட்டும் களிம்பு கட்டாயம், டெங்கு உண்டு. வழக்கமான மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். நம் ஊர் உரிமம் அங்கே செல்லாது, ஆகவே ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்காதீர்கள். விழுந்தால் பயணக் காப்பீடும் கைகொடுக்காது. செயலியில் கூப்பிட்டால் வாடகைக் கார் வருகிறது. சாலையைக் கடக்கும்போது ஒரே வேகத்தில் மெதுவாக நடந்துகொண்டே இருங்கள், வண்டிகள் விலகிப் போகும். பயந்து நடுவில் நின்றாலோ ஓடினாலோதான் ஆபத்து.

கடைசியாக, மின்சாரம் அங்கே 220 வோல்ட், நம் ஊர் 230-க்குப் பக்கம்தான். கைப்பேசி சார்ஜரின் இரண்டு முள் பிளக் பொருந்தும், நம் ஊர் மூன்று முள் பொருந்தாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், இரண்டு கிலோ பொன்னி அரிசி ஆகியவற்றோடு அம்மா தூக்கி வந்த சின்ன ரைஸ் குக்கர், பத்து நாளும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அடாப்டர் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.