டிஸ்க் வாங்கவா, டிஜிட்டலில் வாங்கவா? கன்சோல் கேள்வி பதில்

நாகர்கோவிலில் கன்சோல் விளையாடும் நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடுவோம். சுற்றுவட்டாரத்திலிருந்து இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே வாங்குவதைப் பற்றித்தான்.

மார்த்தாண்டம்: அண்ணே, மூன்றாம் தரப்பு கேம் என்கிறார்களே, அது என்ன? வந்த அன்றே வாங்கலாமா?

கன்சோலைச் செய்த கம்பெனி தானே வெளியிடுவது முதல் தரப்பு. கேப்காம், யூபிசாஃப்ட் போன்ற வெளிக் கம்பெனிகள் வெளியிடுவது மூன்றாம் தரப்பு. ஸ்விட்ச் கன்சோலைச் செய்யும் நின்டெண்டோ தன் கேம்களின் விலையை லேசில் இறக்காது. 2017-ல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸுக்குப் பல வருடம் கழித்தும் முழு விலைதான். வெளிக் கம்பெனிகள் அப்படி இல்லை, சில மாதத்திலேயே தள்ளுபடி போட்டுவிடுவார்கள். ஒரு கேமை முதல் நாளே முழு விலைக்கு வாங்கினேன். தீபாவளிக்குள் அது பாதி விலைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து மூன்றாம் தரப்பு என்றால் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். நீயும் பொறு தம்பி.

கருங்கல்: சித்தப்பா துபாயிலிருந்து பிஎஸ்5 கொண்டுவந்தார். அக்கவுண்டை எந்த நாட்டில் திறக்க வேண்டும்?

நீ இருப்பது இந்தியாவில், அதனால் இந்தியாவிலேயே திற. ஒரு தடவை நாட்டைக் கொடுத்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. அந்த நாட்டு கிஃப்ட் கார்டுதான் அதில் ஏறும். சித்தப்பா அங்கிருந்து டிஸ்க் வாங்கி வந்தால் தாராளமாக ஓடும். கவனிக்க வேண்டியது டிஎல்சியை, அதாவது கேமுக்கு மேல் தனியாக வாங்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதிகளை. டிஸ்க் எந்தப் பகுதிக்கானதோ அந்தப் பகுதி ஸ்டோரில் வாங்கினால்தான் அது சேரும். நம் ஊரில் பாதி வீட்டுக்கு கன்சோல் வளைகுடாவிலிருந்துதான் வருகிறது, பலர் மாட்டிக்கொள்வதும் இந்த இடத்தில்தான்.

குலசேகரம்: மழை பெய்தால் எங்களுக்குக் கரண்டும் போகும், நெட்டும் போகும். டிஜிட்டல் சரிப்படுமா?

டிஜிட்டல் என்றால் முழு கேமையும் நெட்டில்தான் டவுன்லோடு செய்ய வேண்டும். பெரிய மூன்றாம் தரப்பு கேம்களில் சில 100 ஜிபியைத் தாண்டும். 50 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலே நாலரை மணி நேரம் பிடிக்கும். நடுவில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் பொறுமை வேண்டும். உங்களுக்கு டிஸ்க்தான் நல்லது. விளையாடி முடித்ததும் விற்கலாம், நண்பனிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 என்றால் அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். மூன்றாம் தரப்பு கேம்கள் பலவும் 'கேம் கீ கார்டு' ஆக வருகின்றன. அந்தக் கார்டுக்குள் கேம் இருக்காது, முழுவதையும் டவுன்லோடு செய்ய வேண்டும். விளையாடும்போது கார்டும் உள்ளே இருக்க வேண்டும். சைபர்பங்க் 2077 முழுதாக 64 ஜிபி கார்டிலேயே வந்தது. மற்றவர்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

தக்கலை: மகன் யாரிடமோ அக்கவுண்ட் விவரம் வாங்கி, மிகக் குறைந்த விலைக்கு கேம் எடுக்கலாம் என்கிறான். எடுக்கலாமா தம்பி?

வேண்டாம் அக்கா. ஒரே அக்கவுண்டைப் பல பேருக்கு விற்கிறார்கள். விற்றவர் பாஸ்வேர்டை மாற்றினால் பணமும் போச்சு, கேமும் போச்சு. விதிக்குப் புறம்பானது என்பதால் தடையும் வரலாம். மகனுக்குக் குழந்தை அக்கவுண்ட் திறந்து, மாதம் எவ்வளவு செலவழிக்கலாம் என்று நீங்களே வரம்பு வையுங்கள்.

ஆரல்வாய்மொழி: ஜப்பான் வாராந்திர விற்பனைப் பட்டியலில் ஸ்விட்சின் மூன்றாம் தரப்பு கேம்கள் கீழேதான் கிடக்கின்றன. விற்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அவசரப்படாதே மக்கா. ஜப்பான் கேம் பத்திரிகையான ஃபமிட்சு போடும் பட்டியல் கடையில் போன பெட்டிகளைத்தான் எண்ணும், டவுன்லோடை எண்ணாது. பிளேஸ்டேஷனில் விற்கும் முழு கேம்களில் பத்தில் ஏழுக்கும் மேல் இப்போது டிஜிட்டல் என்று சோனியின் கணக்கே சொல்கிறது. 2025 செப்டம்பர் 4 அன்று ஹாலோ நைட்: சில்க்சாங் என்ற கேம் வந்தபோது, கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீமும் நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பும் கூட்டம் தாங்காமல் திணறின. அன்று கடையில் அதற்குப் பெட்டியே கிடையாது. பட்டியலை மட்டும் பார்த்தவனுக்கு அப்படி ஒரு கேம் வந்ததே தெரிந்திருக்காது.

கொளச்சல்: ஸ்டோரை மூடினால் வாங்கியதெல்லாம் போய்விடுமா?

நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ ஈஷாப்களில் 2023 மார்ச் 27-ஓடு விற்பனை நின்றது. ஏற்கெனவே வாங்கியதை அதன் பிறகும் இறக்க முடிந்தது. எத்தனை நாளைக்கு என்ற உறுதி மட்டும் கிடையாது. பிடித்த கேம்களை இன்றே இறக்கி மெமரி கார்டில் வைத்துவிடுங்கள்.