டெபாசிட் போனால் போகிறது, கணக்கு முக்கியம்

அன்புள்ள ஐயா,

மேட்டூர் பத்மராஜன் பற்றிய செய்தி ஒன்றை மறுபடியும் படித்தேன். 1988இலிருந்து தேர்தலில் நிற்க மனு போடுகிறார், தோற்கிறார், மறுபடியும் போடுகிறார். எங்கள் தொகுதியிலும் சட்டமன்றத்துக்கு விடாமல் நிற்கும் சுயேச்சை ஒருவர் உண்டு. கையில் பத்தாயிரம் ரூபாய் இருந்தால் யார் வேண்டுமானாலும் இப்படி நிற்கலாம்தானே? இதில் என்ன சாமர்த்தியம்? அரசுக்கு வீண் செலவு வேறு.

மு.

அன்புள்ள மு.,

பணம் இதில் சின்ன விஷயம். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதுகூட ஐயாயிரம்தான். உண்மையான தடை பத்துப் பேர். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும்.

இந்த விதி வந்ததற்குத் தமிழ்நாடும் ஒரு காரணம். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று, தேர்தலும் தள்ளிப்போனது. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய், முன்மொழிய ஒருவர் போதும். அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், பத்துப் பேர் விதியையும் கொண்டுவந்தார்கள். 10,000 ஆனது 2010இல்.

மனுப் பரிசீலனையில் சுயேச்சைகள் பல நேரம் விழுவது இந்தப் பத்துப் பேரிடம்தான். தெருவுக்கு எதிர்ப்புறம் பக்கத்துத் தொகுதியாக இருக்கும், அங்கிருந்து ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார். வாக்காளர் பட்டியலின் பாகம் எண்ணிலோ வரிசை எண்ணிலோ சிறு எழுத்துப்பிழை என்றால் அதைப் பெரிதாக எடுக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் தொகுதிப் பட்டியலிலேயே இல்லாதவர் முன்மொழிந்தால் ஒன்பது பேர்தான் கணக்கு, மனு தள்ளுபடி. கைநாட்டு வைப்பவராக இருந்தால் தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது தேர்தல் ஆணையம் குறிப்பிட்ட அதிகாரி முன்னிலையில் வைக்க வேண்டும். வீட்டிலேயே உருட்டிக்கொண்டு வந்தால் செல்லாது. பழகியவர்கள் வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனு ஒன்றையும் போட்டுவிடுவார்கள். ஒரே தொகுதியில் நான்கு மனு வரை போடலாம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டெபாசிட்தான்.

அடுத்த பள்ளம் படிவம் 26, அதாவது சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லும் பிரமாணப் பத்திரம். எந்தக் கட்டத்தையும் வெற்றாக விடக்கூடாது. சொத்து இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும், கோடு போட்டால் போதாது. குறையைச் சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனு போடுவதற்கு ஒரு நாள் முன்பாவது திறந்திருக்க வேண்டும். வேட்பாளருக்கு வேறு தொகுதியில் ஓட்டு இருந்தால் சான்றளித்த வாக்காளர் பட்டியல் நகல் வேண்டும். பரிசீலனை நாளுக்கு முன்பே, அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியை எடுத்திருக்க வேண்டும். மனு வாங்கும் நேரம் 11 மணியிலிருந்து 3 மணி வரை. டெபாசிட்டைச் சில்லறை மூட்டையாகக் கொண்டுவந்து படம் பிடிக்க வைக்கிறார்களே, அவர்கள் கடைசி நாள் இரண்டரை மணிக்கு அதைச் செய்தால் எண்ணி முடிவதற்குள் வயிற்றில் புளி கரைந்துவிடும்.

மனு தள்ளுபடியானாலோ வாபஸ் வாங்கினாலோ டெபாசிட் திரும்பக் கிடைக்கும். களத்தில் நின்று, செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவருக்குத்தான் போகும். 1,80,000 வாக்கு என்றால் 30,000 வாங்கினாலும் போய்விடும், 30,001 வேண்டும். நோட்டா இந்தக் கணக்கில் வராது. பத்மராஜன் அதிகபட்சமாக வாங்கியது 2011இல் மேட்டூரில் கிடைத்த 6,273.

அவர் நின்ற இருநூற்றுச் சொச்சம் தேர்தல்களும் சட்டமன்றத் தேர்தல்கள் என்று நினைக்க வேண்டாம். மக்களவைக்கு நாட்டின் எந்தத் தொகுதி வாக்காளரும் எங்கும் நிற்கலாம். அதனால்தான் 2019இல் வயநாட்டில் ராகுல் காந்தியை எதிர்த்து நிற்க முடிந்தது. சட்டமன்றத்துக்கு அந்த மாநிலத்து வாக்காளராக இருந்தே தீர வேண்டும்.

உங்கள் ஊர்க்காரர் திரும்பத் திரும்ப நிற்க முடிகிறதென்றால் அவர் ஒன்றைச் சரியாகச் செய்கிறார்: செலவுக் கணக்கு. முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். டெபாசிட் இழந்தவருக்கும் இது உண்டு, ஒரு காசும் செலவழிக்காதவருக்கும் உண்டு. தோற்றதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனவருக்கு முதலில் நோட்டீஸ் வரும். தக்க காரணம் சொல்லாவிட்டால் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுத் தகுதிநீக்கம் செய்யும். முதல்முறை நின்ற பலர் இரண்டாம் முறை நிற்க முடியாமல் போவது இப்படித்தான். பிரச்சார நாட்களில் செலவுப் பதிவேட்டை மூன்று முறை பார்வைக்குக் காட்டவும் வேண்டும். ஒரே ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது.

வீண் செலவு பற்றி: ஒரு வாக்கு இயந்திரத்தில் 16 பொத்தான், நோட்டா போக 15 பேர். பதினாறாவது ஆள் வந்தால் தொகுதியின் ஒவ்வொரு சாவடியிலும் இரண்டாவது இயந்திரம் வைக்க வேண்டும். அந்தச் செலவு நிஜம்தான். ஆனால் பதினாறாவது ஆள் உங்கள் ஊர்க்காரர்தான் என்று எதை வைத்துச் சொல்வது? பெரிய வேட்பாளரின் வாக்கைப் பிரிக்க அதே பெயரில் ஆள் தேடி நிறுத்துகிறார்களே, அவர்களும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.