கல்லீரல் அழற்சி: கேளுங்கள், சொல்கிறேன்

மார்த்தாண்டம்: குடிப்பழக்கமே கிடையாது. எனக்கு எப்படிக் கல்லீரல் அழற்சி வந்தது, டாக்டர்?

குடி ஒரு காரணம்தான். ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் கெட்ட தண்ணீர், சாப்பாடு வழியாக வரும். பி, சி ரத்தத்தின் வழியாகப் பரவும். பி உடலுறவிலும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றும். சர்க்கரையும் தொப்பையும் இருந்தால் கொழுப்புக் கல்லீரல். காசநோய் மாத்திரையும் அளவு மீறிய பாராசிட்டமாலும்கூடச் செய்யும். என்ன காரணம் என்று தெரியாமல் பச்சிலை குடிக்காதீர்கள்.

திங்கள்சந்தை: மகனுக்குக் காமாலை. கீழாநெல்லி கொடுக்கலாமா?

முதலில் ரத்தப் பரிசோதனை, அம்மா. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி, மஞ்சள் நிறமியான பிலிருபின் மட்டும் போதாது. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பிடி ஐஎன்ஆரும் பாருங்கள். அது ஏறினால் கல்லீரல் தளர்கிறது என்று அர்த்தம். பேச்சு குழம்பினாலோ, பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழித்திருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

தக்கலை: எங்கள் குடும்பத்தில் தலைமுறையாகக் கீழாநெல்லியில்தான் குணமாகிறது. அதைக் குறை சொல்லலாமா?

ஏ வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறும். பச்சிலை குடித்தவருக்கும் ஆறும், குடிக்காதவருக்கும் ஆறும். பெயர் மட்டும் இலைக்குப் போகும். இலையை யாரும் சோதிக்காமலும் இல்லை. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் பி வைரஸுக்குக் கீழாநெல்லி பலன் தருவதாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்குப் பயம் இலைமேல் அல்ல, கடந்துபோகும் நாள்கள்மேல். லேபிள் ஒட்டாத பாட்டிலில் கஷாயம் குடித்துவிட்டு, வயிறு வீங்கியபிறகு வருகிறார்கள்.

தக்கலை (மறுபடியும்): எல்லாக் கஷாயமும் விஷமா?

நான் அப்படிச் சொல்லவில்லை. என்ன கலந்தது என்று தெரியாததைக் குடிக்காதீர்கள் என்கிறேன். சீந்தில் கொடியால் கல்லீரல் பாதித்தவர்களைக் கொரோனா காலத்தில் நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

குலசேகரம்: ரப்பர் பால் வெட்டும் வேலை. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவந்து மஞ்சளாகவும் இருக்கிறது. மூத்திரம் கட்டன் சாயா மாதிரி போகிறது.

தம்பி, எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து காலில் உள்ள கீறல் வழியாக ஏறும். ஆன்டிபயாட்டிக் சீக்கிரம் தொடங்க வேண்டும். இன்றைக்கே போங்கள்.

இரணியல்: கீழாநெல்லியை மோரில் கலக்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன்.

ஆரல்வாய்மொழி: மீன், எண்ணெய் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். பசிக்கிற அளவு சாப்பிடுங்கள். சாராயம் மட்டும் சொட்டுக்கூடக் கூடாது.

கருங்கல்: பித்தப்பைக் கல்லுக்கு?

அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள்.

குளச்சல்: ஏழு மாதக் கர்ப்பம். வீட்டில் ஒருவருக்குக் காமாலை.

ஈ வைரஸ் என்றால் கடைசி மாதங்களில் தாயின் உயிருக்கே ஆபத்து. தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள், உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் நாளைக்கே சொல்லுங்கள். பி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், மகளே. இருந்தால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டும்.

தக்கலை: எனக்கும் பி, சி பார்க்கலாமா?

பாருங்கள். சி இருந்தாலும் பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் தீர்ந்துவிடும்.