ராஜினாமா கடிதம் மட்டும் வேண்டாம்

கேள்வி: பனியன் கம்பெனி ஆபீஸில் நான்கு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 19,000 ரூபாய், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். இப்போது ஐந்தாவது மாதம், முதல் குழந்தை. "ஆறு மாசம் சும்மா சம்பளம் தர முடியாதும்மா. ராஜினாமா எழுதிக் கொடு, குழந்தை பிறந்ததும் சேர்த்துக்கறோம்" என்கிறார் மேனேஜர். நல்ல மனிதர்தான். எழுதிக் கொடுத்துவிடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: கூடவே கூடாது, சகோதரி. பிரசவ விடுமுறையில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால்தான் ராஜினாமாவை உங்கள் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். நீங்களாக விலகிவிட்டால் அது நீக்கமே இல்லை என்றாகிவிடும். மேனேஜர் நல்லவராகவே இருக்கட்டும். திரும்பச் சேர்ப்பதாக அவர் வாயால் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நாளைக்கு அவரே அந்தக் கம்பெனியில் இல்லாமலும் போகலாம்.

அவர் சொல்லும் காரணமும் சரியில்லை. உங்கள் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாய்க்குள் வருகிறது. அதனால் 26 வாரத்துக்கான முழுச் சம்பளத்தையும் தரப்போவது இ.எஸ்.ஐ. கழகம். கம்பெனி கைக்காசு போடத் தேவையில்லை. பிரசவ தேதிக்கு 8 வாரம் முன்பிருந்தே விடுமுறை எடுக்கலாம். பே ஸ்லிப்பைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. என்று மாதம் நூற்று நாற்பது ரூபாய் சொச்சம் பிடித்திருப்பார்கள். அந்தப் பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் உங்கள் காப்பீட்டு நம்பரைக் கொடுத்து இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒரு சந்தா காலம் ஆறு மாதம்) மொத்தம் 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும்.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடைக்கு, ஐந்து வருடத் தொடர் சர்வீஸ் வேண்டும். 26 வாரப் பிரசவ விடுமுறையும் சர்வீஸ் கணக்கில்தான் சேரும். இன்று ராஜினாமா செய்தால் அந்த நான்கு வருடமும் வீண். திரும்பப் போனாலும் புது ஆள்தான்.

டாக்டர் சான்றிதழை இணைத்து, விடுமுறை தொடங்கும் தேதியைக் குறிப்பிட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். ஈமெயிலிலும் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். பே ஸ்லிப், வருகைப் பதிவு நகல்களை வீட்டில் எடுத்து வையுங்கள். மேனேஜர் மறுபடி கேட்டால், "லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன் சார்" என்று மட்டும் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். வெற்றுத் தாளிலோ வவுச்சரிலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அதற்கும் மேல் நெருக்கினால், தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம்.