பக்கியின் பின்தொட்டியில் பிளக் பாயிண்ட்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் கேட், ஜன்னல் கம்பி ரிப்பேர் வேலை செய்கிறேன். பழைய ஹைலக்ஸ் சிங்கிள் கேப் பக்கி (பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப் வண்டி) வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகிற வீடுகளில் கரண்ட் கேட்டு நிற்பது சங்கடமாக இருக்கிறது. அதனால் பின்தொட்டியில் இரண்டு பிளக் பாயிண்ட் வைக்க முடிவு செய்து, 3000 வாட் என்று போட்ட ஓர் இன்வெர்ட்டரை விலை பேசியிருக்கிறேன். அதைத் தொட்டியில் இருக்கும் டூல் பெட்டிக்குள் வைத்து, முன்னால் பானெட்டுக்குள் உள்ள பேட்டரியிலிருந்து கம்பி இழுக்கப் போகிறேன். வீட்டில் கரண்ட் ஸ்டவ்வுக்குப் போட்டதில் மிஞ்சிய 6 மில்லி (6 சதுர மில்லிமீட்டர்) கம்பி கிடக்கிறது. ஸ்டவ்வையே தாங்கியது, கிரைண்டரைத் தாங்காதா? சின்ன வெல்டிங் மெஷின் ஓடுமா? தைப்பூசக் காவடிக்கு எங்கள் கோயில் ரதத்தின் விளக்கும் ஸ்பீக்கரும் இந்த வண்டியிலிருந்தே கொடுக்கிறேன் என்று கமிட்டியிடமும் சொல்லிவிட்டேன்.

எஸ்., சாட்ஸ்வர்த்

அன்புள்ள எஸ்.,

முதல் வேலையாக அந்த ஸ்டவ் கம்பியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இன்வெர்ட்டருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் அதையும் நிறுத்தி வையுங்கள்.

ஸ்டவ்வைத் தாங்கிய கம்பி கிரைண்டரைத் தாங்காதா என்று நீங்கள் மட்டுமல்ல, வீட்டு வயரிங் பழகிய பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஸ்டவ் 7000 வாட் எடுத்தாலும் நம் ஊர் 230 வோல்ட்டில் அது சுமார் 30 ஆம்பியர். பக்கி பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அதிலிருந்து 1000 வாட் எடுக்கவே, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால், ஏறக்குறைய 95 ஆம்பியர் வேண்டும். வேலை ஏழில் ஒரு பங்கு, கம்பியில் ஓடுவது மூன்று மடங்கு. கம்பி சூடாவது வாட்டைப் பார்த்து அல்ல, ஆம்பியரைப் பார்த்து.

உங்கள் திட்டத்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியிலிருந்து டூல் பெட்டி வரை 5 மீட்டர் என்று வையுங்கள். போக வர 10 மீட்டர். 6 மில்லி செம்புக் கம்பியில் 95 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே கிட்டத்தட்ட 2.8 வோல்ட் தொலைந்துவிடும். பேட்டரியில் 12.5 இருந்தாலும் இன்வெர்ட்டருக்குப் போய்ச் சேருவது பத்துக்கும் கீழே. பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் வாக்கில் கத்திவிட்டு நின்றுவிடும். அந்த 2.8 வோல்ட் போன இடம் கம்பிதான். 260 வாட் சூடு, பிளாஸ்டிக் உறைக்குள், வண்டிக்கு அடியில். கிரைண்டர் ஓடாததுகூடப் பரவாயில்லை, இந்தச் சூடுதான் எனக்குப் பயம்.

ஃப்யூஸ் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. வீட்டில் பிரேக்கர்கள் உள்ள டிபி போர்டு இருக்கிறது, கம்பி உரசி ஷார்ட் ஆனால் பிரேக்கர் விழும். பேட்டரிக்கு அப்படி யாரும் காவல் இல்லை. ஷார்ட் ஆனால் பல நூறு ஆம்பியர் கொட்டும், கம்பி சிவந்து எரியும் வரை நிறுத்தாது. அதனால் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். இன்வெர்ட்டரிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது இன்வெர்ட்டருக்குள் நடப்பதற்கு. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே இருக்கும் கம்பியை அதனால் காப்பாற்ற முடியாது. ஃப்யூஸ் அளவையும் கம்பி தாங்கும் அளவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

3000 வாட்டை நிஜமாகவே எடுத்தால் பேட்டரியிலிருந்து 250 ஆம்பியருக்கும் மேல் போகும். பழைய டீசல் பக்கிகளில், எஞ்சினோடு சுற்றிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் கொடுப்பது 80 முதல் 120 ஆம்பியர், அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது. நிறுத்திய இடத்தில் ஐடிலில் அதைவிடக் குறைவு. மீதியை ஸ்டார்ட்டர் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். அது சில நொடிகள் பலமாகத் தள்ளுவதற்குச் செய்த பேட்டரி, மணிக்கணக்கில் கறப்பதற்கு அல்ல. வேலை முடிந்து சாவியைத் திருப்பினால் வண்டி எடுக்காது. இன்னொன்று, மலிவான பெட்டிகளில் பெரிதாக எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் ஒரு நொடி தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து கொடுப்பது அதில் பாதி என்று பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். கடைக்குப் போனால் அதைத் தேடிப் படியுங்கள்.

வெல்டிங் மெஷின் ஓடாது. 2.5 மில்லி ராடுக்கு 80 ஆம்பியர் வைத்தாலே ஆர்க்குக்கு மட்டும் 1800 வாட்டுக்கு மேல் போகிறது. மெஷினின் இழப்பையும் சேர்த்துப் பேட்டரிப் பக்கம் பார்த்தால் 200 ஆம்பியரைத் தாண்டிவிடும். வெல்டிங்குக்கு ஜெனரேட்டர்தான். அதையும் இறக்கித் திறந்த வெளியில் வைத்து ஓட்டுங்கள், கனபி (மேல்கூடு) போட்ட தொட்டிக்குள் ஒருபோதும் வேண்டாம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சரி, என்னதான் செய்யலாம்? உங்கள் இடத்தில் இருந்தால் கிரைண்டர், டிரில் இரண்டையும் 18 வோல்ட் பேட்டரி டூல்களாக மாற்றிவிடுவேன். வண்டியில் தேவைப்படுவது அந்த பேட்டரிகளுக்குச் சார்ஜ் மட்டும். சார்ஜர் 100 முதல் 250 வாட் எடுக்கும். அதற்கு, வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலையாகக் கொடுக்கும் 600 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டர் தாராளம். ‘மாடிஃபைட் சைன்’ என்று விற்பது மலிவுதான், ஆனால் சில சார்ஜர்கள் அதில் சூடாகும், சில கெட்டே போகும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓட்டும் நேரத்தில் ஆல்டர்னேட்டரே சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிடும். 3000 வாட் இன்வெர்ட்டருக்கும் தடிக் கம்பிக்கும் போகிற காசு டூல்களுக்கு உதவும்.

இன்வெர்ட்டரைத் தொட்டியில் வைக்காதீர்கள். 12 வோல்ட் கம்பி குட்டையாக இருக்க வேண்டும், 230 வோல்ட் கம்பி நீளமாகப் போகலாம். ஆகவே இன்வெர்ட்டர் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால், காற்று படும்படி. பேட்டரியிலிருந்து அங்கே 25 மில்லி கம்பி, 80 ஆம்பியர் ஃப்யூஸ். பல இழைகள் கொண்ட வளையும் கம்பியாக வாங்குங்கள். வீட்டுச் சுவரில் ஓடும் ஒற்றை இழைக் கம்பி வண்டியின் அதிர்வில் முறிந்துவிடும். கம்பி நுனியில் மாட்டும் லக்குகளைச் சுத்தியலால் தட்டாமல், ஹைட்ராலிக் கிரிம்பர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து அழுத்திக்கொள்ளுங்கள். எஞ்சின் பக்கத் தகரத்தைக் கம்பி கடக்கும் ஓட்டையில் ரப்பர் கிராமெட் (கம்பி உரசாமல் காக்கும் வளையம்) கட்டாயம். சைலன்சர் குழாயும் பிரேக் குழாயும் போகிற பக்கத்தை விட்டு விலகிப் போங்கள். மைனஸுக்கும் அதே 25 மில்லி. பிற்காலத்தில் புது வண்டி வாங்கிப் பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு சின்ன சென்சாரைப் பார்த்தால், அந்த முனையில் நேராகக் கட்டாமல் சேசிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) கட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எடுக்கும் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது.

தொட்டிக்குப் போகும் 230 வோல்ட் கம்பி ரப்பர் உறை போட்டதாக, தனிக் குழாயில் போகட்டும். 12 வோல்ட் கம்பிகளோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். பிளக் பாயிண்ட்டைக் கேபினை ஒட்டிய மேல் மூலையில், மூடி உள்ள வெளிப்புற வகையாக வையுங்கள். தரை மட்டத்தில் வைத்தால் டர்பனின் ஒரு மழைக்கே தண்ணீர் நிற்கும். மூடி மூடியிருந்தால்தான் தண்ணீர் உள்ளே போகாது என்பது பல வகைகளில் உண்டு, பிளக்கைச் செருகியபின்னும் மூடுகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். எல்லா நாட்டுப் பிளக்கும் செருகலாம் என்று விற்கும் யுனிவர்சல் சாக்கெட் வேண்டாம். அதில் எர்த் சரியாகப் பிடிக்காது, குலுங்கலில் தளர்ந்துவிடும். நம் ஊர் உருண்டை மூன்று முள் சாக்கெட்டே போதும்.

அப்புறம் எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் யூனிட். இதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நம் நாட்டில் வீட்டுப் பிளக் பாயிண்ட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் கட்டாயம். அதே யூனிட்டை இன்வெர்ட்டருக்குப் பின்னால் மாட்டிவிட்டு, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது, ஆகவே பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பட்டன் யூனிட்டுக்குள்ளேயே ஒரு சுற்றை உண்டாக்கிப் பார்க்கிறது, அதனால் எப்படியும் விழும். ஆனால் இன்வெர்ட்டரின் நியூட்ரல் வண்டியின் சேசிஸோடு சேர்க்கப்படாவிட்டால், ஒருவர் உடல் வழியாகக் கரண்ட் தரைக்குப் போய்த் திரும்ப வழி இருக்காது. யூனிட்டுக்கு எதுவும் தெரியாது. ஒரே ஒரு பழுது இருக்கும்வரை அது ஆபத்தில்லைதான். இரண்டாவது பழுது வரும்போது உயிர் போகலாம். ஆகவே, நியூட்ரலைச் சேசிஸோடு இணைக்கலாம் என்று கையேட்டிலேயே சொல்லும் இன்வெர்ட்டரை வாங்கி, இணைத்து, அதற்கு அடுத்து எர்த் லீக்கேஜ் போடுங்கள். சொல்லாத இன்வெர்ட்டரில் நீங்களாக இணைத்தால் அது வெடித்துப் போகலாம். இந்த ஒரு வேலையை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

காவடி விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என் மனதில் நின்றது அதுதான். ரதத்தைச் சுற்றி வருகிறவர்கள் வெறுங்காலோடு வருகிறார்கள். காவடி எடுத்தவர்களின் காலில் தண்ணீர் ஊற்றுகிறோம். ரோடு முழுக்க ஈரம். குழந்தைகள் ரதத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அந்த இடத்துக்கு 230 வோல்ட் வரவே கூடாது. ரதத்துக்கு 12 வோல்ட் எல்இடி விளக்குகள், கார் ஆம்ப்ளிஃபையர், ஹார்ன் ஸ்பீக்கர் எல்லாமே நேராக பேட்டரியில் ஓடும். விளக்குக்கு 60 வாட், ஆம்ப்ளிஃபையருக்குச் சராசரி 60 வாட் என்றால் மொத்தம் 10 ஆம்பியர். மணிக்கணக்கில் கறப்பதற்கென்றே செய்த 100 ஆம்பியர் அவர் டீப் சைக்கிள் பேட்டரி ஒன்றை ரதத்தில் கட்டி, அதில் பாதியை மட்டும் எடுத்தாலே ஐந்து மணி நேரம் வரும். அதற்கும் ஃப்யூஸ் உண்டு, மறக்காதீர்கள். ஊர்வலத்தின் வேகத்தில் ஐடிலில் நகரும் பக்கியில் ஆல்டர்னேட்டர் குறைவாகத்தான் கொடுக்கும், ஆனால் ரதத்துக்குத் தனி பேட்டரி இருப்பதால் பக்கியின் பேட்டரியைத் தொட வேண்டியதே இல்லை. லோட் ஷெடிங் காலத்தில் வாங்கிய டிராலி இன்வெர்ட்டர்கள் பல வீடுகளில் இப்போது தூங்குகின்றன. மண்டபத்துக்குள் சமையல் பக்கம் வெளிச்சம் வேண்டுமென்றால் அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கமிட்டியில் கொடுத்த வாக்கை மாற்ற வேண்டியதில்லை, கொடுக்கும் விதத்தைத்தான் மாற்றுகிறீர்கள்.

வேலை முடிந்தபின் முழு லோடில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, இன்வெர்ட்டரை அணைத்து, லக்குகளையும் ஃப்யூஸ் பிடியையும் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இடம் சரியாகப் பிடிக்காத இடம். ஒரு வாரம் வண்டி ஓட்டியபின் எல்லா போல்ட்டையும் மறுபடி ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள். ஆல்டர்னேட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆம்பியர் எழுதியிருக்கும். அதையும், நீங்கள் பார்த்து வைக்கும் இன்வெர்ட்டரின் பெயரையும் எழுதி அனுப்பினால், கம்பி வாங்குவதற்கு முன் ஒருமுறை சேர்ந்து கணக்குப் பார்த்துவிடலாம்.